கடைசி இன்னிங்ஸுக்கு மட்டும் ஒருத்தி

சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் இரண்டாம் வருஷம் படித்தபோது எங்கள் சாஃப்ட்பால் அணி ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. எழுபதுகளின் கடைசி அது. அந்த வெற்றியில் எனக்கும் பங்கு உண்டு என்று அப்போது எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அந்த வருஷத்தை நினைத்தால் முதலில் பயம்தான் ஞாபகம் வரும். ஜூலையில் தொடங்கி மார்கழி முடியும் வரை நான் பயந்துகொண்டே இருந்தேன்.

சாஃப்ட்பால் என்றால் அன்றைக்கு எங்கள் பக்கம் யாருக்கும் தெரியாது. பெயர்தான் சாஃப்ட். பந்து பெரிய சாத்துக்குடி அளவு இருக்கும். புறங்கையில் பட்டால் இரண்டு நாளைக்குப் பேனா பிடிக்க முடியாது. பிட்சர் என்கிறவள் மைதானத்தின் நடுவில் நின்று, கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சுழற்றி, தொடையை ஒட்டிக் கீழிருந்து பந்தை வீச வேண்டும். எதிரில் மட்டையோடு ஒருத்தி. அவளுக்குப் பின்னால் நம் கேட்சர். அடித்தவள் மூலைக்கு ஒன்றாக இருக்கிற மூன்று பேஸ்களையும் தொட்டுக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். மூன்று பந்தைத் தவறவிட்டாலோ, அடித்தது தரையில் படும் முன் யாராவது பிடித்தாலோ அவுட். மூன்று பேர் அவுட்டானால் இன்னிங்ஸ் முடிந்தது. இப்படி ஏழு இன்னிங்ஸ். கேட்சருக்கு முகமூடி உண்டு. பிட்சருக்கு இடது கையில் மாட்டிய தோல் கிளவுஸைத் தவிர ஒன்றும் கிடையாது.

எங்கள் பிட்சர் அம்மாபேட்டைக்காரி. வீட்டில் தறி இருந்தது. நல்ல உயரம், நீண்ட கை. அவள் வீசினால் பந்து கேட்சரின் கிளவுஸில் விழுகிற சத்தம் விடுதி வரைக்கும் கேட்கும். நான் மோகனூரை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து வந்தவள். வீட்டில் கரும்பும் கொஞ்சம் வாழையும். விடுதியில் தங்கிப் படித்தேன். முதல் வருஷம் சும்மா வேடிக்கை பார்க்கப் போனவளை, கை நேராகப் போகிறது என்று சொல்லி பி.டி. மேடம் பிடித்துப் போட்டுவிட்டார். வீட்டில் சொல்லவில்லை. பேண்ட் போட்டுக்கொண்டு மைதானத்தில் ஓடுகிறேன் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது.

என் பந்துக்கு வேகம் கிடையாது. மேடம் அதையே பயன்படுத்திக்கொண்டார். ஆறு இன்னிங்ஸ் அம்மாபேட்டைக்காரியின் வேகத்துக்குப் பழகிய கைகள், என் மெதுவான பந்து வந்து சேரும் முன்பே மட்டையைச் சுற்றிவிடும். அவளுக்குக் கை சோர்கிற கடைசி இன்னிங்ஸில் என்னை இறக்குவார். நாங்கள் ஒன்றோ இரண்டோ ரன் முன்னால் இருப்போம். எதிரணி பேஸ்களில் ஆள் நிறுத்திக் கத்திக்கொண்டிருக்கும். அப்போது மேடம் என் பக்கம் திரும்பாமலே இரண்டு விரலை ஆட்டுவார். நான் எழுந்து போக வேண்டும்.

வீசுவதைவிட அந்த விரலுக்காகக் காத்திருப்பதுதான் கொடுமை. ஐந்தாவது இன்னிங்ஸிலேயே உள்ளங்கை வேர்த்துவிடும். பெஞ்சில் மற்றவர்கள் ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருப்பார்கள். என் பங்கைப் பக்கத்தில் இருப்பவளிடம் கொடுத்துவிடுவேன். அம்மாபேட்டைக்காரி இன்றைக்கு முழுக்கப் போட்டுவிட வேண்டும், அவளுக்குக் கை வலிக்கக் கூடாது என்று வாய்விட்டே வேண்டிக்கொள்வேன். அவள் நன்றாகப் போடுவது அணிக்கு நல்லது என்பதால் வேண்டியதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பயம் தோற்பதைப் பற்றியது. அவள் ஆறு இன்னிங்ஸ் வெயிலில் நின்று சேர்த்ததை நான் நான்கு பந்தில் கொட்டிக் கவிழ்த்துவிட முடியும். ஜெயித்தால் அது அவளுடைய ஆட்டம். தோற்றால் அது என் ஒருத்தியால். ஆனாலும் எப்படியோ ஒவ்வொரு முறையும் தப்பித்தேன். ஒருத்தி அவசரப்பட்டு மட்டையைச் சுற்றுவாள், ஒருத்தி அடித்தது நேராக நம் பெண்ணின் கைக்கு வரும். முடிந்துவிடும்.

அப்படி மூன்றாவது முறை தப்பித்த அன்று மேடம் என்னைக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். அவர் மெட்ராஸுக்குப் போயிருந்தபோது ஏதோ ஒரு நூலகத்தில் அமெரிக்க விளையாட்டுப் பத்திரிகை படித்திருக்கிறார். அங்கே பேஸ்பால் என்று இதற்கு அண்ணன் முறையில் ஒரு ஆட்டம்.

"அங்கே உன்னை மாதிரி ஆளுக்குத் தனி மரியாதை உண்டு தெரியுமா? முன்னால இருக்கிற ஆட்டத்தைக் கடைசியில வந்து காப்பாத்திக் கொடுத்தா அதுக்கு சேவ்னு பேரு. வருஷக் கடைசியில யார் அதிகம் சேவ் பண்ணினதுன்னு கணக்குப் போட்டு, முதல்ல வந்தவன் படத்தைப் பத்திரிகையில போடறாங்க. கோடி கோடியா சம்பளம்."

"அவங்களுக்கெல்லாம் பயமா இருக்காதுங்களா மேடம்?"

மேடம் யோசித்தார். "அதைப் பத்தி அதில ஒண்ணும் போடலை" என்றார்.

பக்கத்தில் இருந்த கேட்சர் இதைக் கேட்டுவிட்டாள். அவள் என் அறைத்தோழியும்கூட, எருமப்பட்டிக்காரி. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குள் விடுதி முழுக்க எனக்குக் காராசேவு என்று பெயர் விழுந்துவிட்டது.

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அணியோடு எங்கள் மைதானத்திலேயே ஆட்டம். வெயில் ஏறி, தூரத்தில் ஏற்காட்டு மலை வெளிறிப்போயிருந்தது. வழக்கம்போலக் கடைசி இன்னிங்ஸில் இறங்கினேன். இரண்டு பேர் அவுட். மூன்றாவதாக வந்தவள் இடது கைக்காரி, தோள் அகலமானவள். முதல் பந்தை விட்டுவிட்டாள். எல்லாரையும்போல இவள் அவசரப்படவில்லையே என்று நினைத்துக்கொண்டே இரண்டாவதை வீசினேன்.

பந்தை நான் பார்க்கவே இல்லை. மட்டையில் பட்ட சத்தம் கேட்டது. அடுத்து எனக்குத் தெரிந்தது வாயில் மண். யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வலது கண்ணால் பார்த்தேன், இடது கண் திறக்கவில்லை. வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் சிவந்துகொண்டே போனது. அது என் ரத்தம் என்பது உறைக்கக் கொஞ்ச நேரமானது.

பாக்கி இருந்த ஒரு அவுட்டை அம்மாபேட்டைக்காரி திரும்ப இறங்கி எடுத்தாள் என்று பிறகு சொன்னார்கள். நான் ஆட்டோவில் மேடத்தின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தேன். கண்ணாடி போட்ட டாக்டர் ஒருவர் கண்ணுக்குக் கீழே தையல் போட்டார். போட்டுக்கொண்டே மேடத்தைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார்.

"இன்னும் ஒரு விரல் மேல பட்டிருந்தா கண்ணு போயிருக்கும்."

ஊசி குத்தியது எனக்கு நினைவில்லை. அந்த ஒரு விரல் நினைவில் நின்றுவிட்டது. கன்னத்தில் கை வைத்து அளந்து பார்ப்பேன். படுக்கையில், வகுப்பில், குளிக்கும்போது. ஒரு விரல்.

அதற்குப் பிறகு வந்தது வேறு பயம். முன்னே இருந்தது மனசுக்குள் இருந்தது. இது உடம்பில் ஏறிக்கொண்டது. முகத்துக்கு நேரே எது வந்தாலும் தலை தானாகத் திரும்பிவிடும். பஸ் ஜன்னலோரம் உட்கார முடியாது, மரக்கிளை உரசினால் போதும். ஒரு நாள் சாப்பாட்டுக் கூடத்தில் ஒருத்தி விளையாட்டாக ஒரு கொய்யாக்காயைத் தூக்கிப் போட்டாள். நான் தட்டைத் தள்ளிவிட்டு இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

தையல் பிரிக்கும் முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து நின்றார். சேலத்தில் மோட்டார் சுருள் கட்டக் கொடுத்திருந்தாராம், வாங்கப் போகிற வழியில் வாழைத்தார் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்திருந்தார். விடுதி வாசலில் பார்வையாளர் பெஞ்சு. என் முகத்தைப் பார்த்ததும் தாரைக் கீழே வைக்க மறந்துவிட்டார்.

"என்ன சாமி இது?"

எனக்கு முந்திக்கொண்டு எருமப்பட்டிக்காரி சொல்லிவிட்டாள். "பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டாங்கப்பா. குழாய் மேல பட்டுருச்சு."

அப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கண்ணு நல்லாத் தெரியுதா?"

"தெரியுதுங்கப்பா."

"இந்தக் கண்ணை மூடிக்கிட்டு என்னைப் பாருங்க."

பார்த்தேன். எத்தனை விரல் என்று கேட்டார். சொன்னேன். அதற்கப்புறம்தான் தாரை இறக்கி வைத்தார். "அம்மாகிட்ட இப்பச் சொல்ல வேண்டாம். ஆறட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வழுக்கி விழுந்ததை அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. நம்பாமல் போனார் என்று நினைத்தால் ஒரு பயம், நம்பிவிட்டார் என்று நினைத்தால் ஏமாற்றிவிட்ட குறுகுறுப்பு.

மேடத்திடம் போய், என்னால் முடியாது என்று சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "சரி. பெஞ்சில வந்து உட்காரு. ஆள் கணக்குக்கு வேணும்" என்று மட்டும் சொன்னார்.

கல்லூரிகளுக்கு இடையிலான கோப்பையின் அரையிறுதியில் அம்மாபேட்டைக்காரியே ஏழு இன்னிங்ஸும் போட்டாள். ஜெயித்தோம். பெஞ்சுக்கு வந்தவள் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு யாருக்கும் காட்டாமல் உட்கார்ந்தாள். நான் பார்த்தேன். நடுவிரல் நுனியில் தோல் உரிந்து தொங்கியது. பந்தின் தையல் அறுத்த இடம்.  

இறுதி ஆட்டம் ஊருக்கு வெளியே வேறொரு கல்லூரியின் மைதானத்தில், வெள்ளைக்கல் சுரங்கங்கள் இருக்கிற பக்கம். காற்றடித்தால் மாவு மாதிரித் தூசி வந்து பல்லில் நறநறக்கும். கோயம்புத்தூர் அணி. அவர்கள் சீருடையே வேறு மாதிரி இருந்தது. காலில் ஆணி வைத்த ஷூ. அம்மாபேட்டைக்காரி விரலில் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு வந்தாள். பிட்சர் விரலில் எதுவும் ஒட்டக் கூடாது என்று அம்பயர் சொல்லிவிட்டார். அவள் அதைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு போய் நின்றாள்.

ஆறு இன்னிங்ஸ் தாக்குப்பிடித்தாள். நாங்கள் இரண்டு ரன் முன்னால். ஏழாவதில் இரண்டு பேரை அவுட்டாக்கினாள். அதற்கு மேல் கை கேட்கவில்லை. ஒருத்தி அடித்துவிட்டு முதல் பேஸுக்குப் போனாள். அடுத்தவளுக்குப் பந்துகள் விலகி விலகிப் போயின. அப்படி நான்கு பந்து போனால் அடிக்காமலே ஒரு பேஸ் கொடுத்துவிட வேண்டும். அதற்கடுத்தவளுக்கும் அப்படியே ஆயிற்று. மூன்று பேஸிலும் ஆள் நிற்கிறார்கள். கோயம்புத்தூர்க்காரிகள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்தார்கள்.

மேடம் விரலை ஆட்டவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி தீரும் முன்பே அம்மாபேட்டைக்காரி பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு பெஞ்சை நோக்கி நடந்து வந்தாள். மேடத்தைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள். பந்தில் அங்கங்கே ரத்தக் கறை.

"பிடிக்க முடியலடி. வழுக்குது" என்றாள். "நீ வரலைன்னா நானே போடறேன். உன்மேல கோவமெல்லாம் இல்ல. கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

வற்புறுத்தியிருந்தால் மறுத்திருப்பேன். அவள் கேட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். நான் பந்தை வாங்கிப் பாவாடையில் துடைக்கப் போவதுபோலத் தொடையில் துடைத்தேன். பேண்ட் போட்டிருப்பது அந்த நேரத்தில் மறந்துபோயிருந்தது. கிளவுஸை மாட்டிக்கொண்டு நடந்தேன்.  நடுவில் போய் நின்று பார்த்தால் எருமப்பட்டிக்காரியின் கிளவுஸ் எங்கோ தூரத்தில் ஆடியது. வலது கன்னம் குளிர்ந்திருந்தது, இடது கன்னம் தையல் போட்ட இடத்தில் துடித்தது.

முதல் நான்கு பந்தில் ஒன்றுகூட ஒழுங்காகப் போகவில்லை. ஒன்று தரையில் மோதியது, ஒன்று அடிக்க நின்றவளின் தலைக்கு மேலே போனது. பந்தைக் கையிலிருந்து விடும் நொடியிலேயே நான் பாதி திரும்பிக்கொண்டிருந்தேன். பிறகு எப்படி நேராகப் போகும்? அந்தப் பெண் மட்டையைப் போட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்தாள். எல்லாரும் ஒரு பேஸ் நகர, மூன்றாம் பேஸில் இருந்தவள் ரன் எடுத்தாள். இப்போது நாங்கள் ஒரே ஒரு ரன் முன்னால். மூன்று பேஸும் இன்னும் நிரம்பித்தான் இருந்தது.

எருமப்பட்டிக்காரி முகமூடியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஏ, என்னைப் பாருடி. திரும்பாதே."

"முடியலடி."

"நீ திரும்பிக்கிட்டா பந்து எங்க வருதுன்னு உனக்கே தெரியாது. பாத்துக்கிட்டே இருந்தாத்தான் தப்பிக்கலாம்." ஆறுதல் சொல்ல அவளுக்கு வராது. மாடு முட்ட வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று சொல்கிற குரலில் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

அடுத்தவளுக்கு முதல் பந்து ஒழுங்காகப் போனது. அவள் முன்கூட்டியே சுற்றிவிட்டாள். இரண்டாவதும் அப்படியே. கைதட்டல் நின்றது. இன்னும் ஒன்று போனால் முடிந்தது. அந்த நினைப்பு போகும் முன்பே கையைச் சுழற்றினேன். வீசினேன்.

அதே சத்தம். ஈரோட்டுக்காரியின் மட்டையில் கேட்ட அதே சத்தம். கேட்சர் சொன்னபடி நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கண்ணை இறுக மூடி, கிளவுஸ் போட்ட கையால் முகத்தை மறைத்துக்கொண்டு குனிந்தேன். கையில் யாரோ சம்மட்டியால் அடித்தது போல இருந்தது. பின்னால் இரண்டடி தள்ளாடி உட்கார்ந்துவிட்டேன்.  கண்ணைத் திறந்தால் முகத்துக்கு முன்னால் கிளவுஸ். கிளவுஸுக்குள் பந்து.

அம்பயர் கையை உயர்த்தினார். அவுட். ஆட்டம் முடிந்துவிட்டது.

என்மேல் எல்லாரும் வந்து விழுந்தார்கள். அப்படி ஒரு கேட்சைத் தான் பார்த்ததில்லை என்று எதிரணியின் பயிற்சியாளர் வந்து கை குலுக்கினார். மேடம் என் தலையைத் தட்டினார்.  திரும்பி வருகிற வேனில் அம்மாபேட்டைக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விரலில் கைக்குட்டையைச் சுற்றியிருந்தாள்.

"கண்ணை மூடிட்டுத்தானே இருந்த?" என்றாள் மெதுவாக.

"ஆமா."

"நான் பாத்தேன். யார்கிட்டயும் சொல்லல." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கும் சிரிப்பு வந்தது, அது அழுகையாக மாறி, அஸ்தம்பட்டி வரும் வரை நிற்கவில்லை.

கோப்பையோடு நாங்கள் நிற்கும் படம் ஒரு பேப்பரில் வந்தது. கரும்பு எடை போடுகிற இடத்தில் யாரோ அதை அப்பாவிடம் காட்டியிருக்கிறார்கள். பேண்ட் போட்டுக்கொண்டு முன்வரிசையில் மண்டி போட்டிருப்பது அவருடைய பெண், கன்னத்தில் கோடு. பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனபோது பஸ்ஸை விட்டு இறங்கவே எனக்குக் கால் வரவில்லை.

அம்மா அழுதுகொண்டே திட்டினாள். "பொட்டப்புள்ள மூஞ்சில கோடு வாங்கிக்கிட்டு வந்துருக்கறா. நாளைக்கு எவன் ஊட்டுல கேப்பாங்க இவளை? படிச்சது போதும், இங்கெயே கெடக்கட்டும்." அப்பா பொங்கல் முடியும் வரை அதைப் பற்றிப் பேசவில்லை.  இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்துகூட அவ்வளவு பயமாக இல்லை.

லீவு முடிகிற அன்று காலையில் என் பெட்டியை அவரே எடுத்துக்கொண்டார். மோகனூர் பஸ் நிறுத்தத்துக்கு ஆற்றோரமாக நடந்தோம். தண்ணீர் கரையோடு போய்க்கொண்டிருந்தது. பரிசல் துறை பக்கம் வந்ததும் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டு கேட்டார்.

"பந்து மூஞ்சிக்கு நேரா வாரப்பப் பயமா இருக்காதா சாமி?"

"இருக்குதுங்கப்பா. எப்பவும் இருக்குது."

"அப்பறம் ஏன் போறீங்க?"

 அந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டதில்லை. "என்னை நம்பிக் கூப்பிடறாங்கப்பா" என்றேன்.

அவர் ஆற்றைப் பார்த்தார். "எனக்கு நீச்சல் தெரியாது. உங்கம்மாளுக்கே இது தெரியாது. அக்கரையில பொண்ணெடுத்த நாள்ல இருந்து பரிசல் ஏறறப்பெல்லாம் கொடல் நடுங்கும். விளிம்பைப் புடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக்குவேன்." அதோடு நிறுத்திக்கொண்டார்.  பஸ் வந்ததும் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, "கண்ணைப் பாத்துக்கங்க" என்றார். ஆடாதீங்க என்று சொல்லவில்லை.

அம்மாவின் கவலையும் பொய்யில்லை. மூன்று வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டில், மாப்பிள்ளையின் அத்தை தழும்பைச் சுட்டிக்காட்டிக் கேட்டார். பந்து அடித்தது என்று சொன்னேன். அந்த இடம் தட்டிப்போயிற்று. அடுத்து வந்தவர்கள் கேட்டுவிட்டு, எந்த ஆட்டம் என்று விசாரித்தார்கள். அந்த வீட்டில்தான் இன்றைக்கும் இருக்கிறேன்.

கல்லூரியில் நான் மூன்றாம் வருஷத்துக்கு வந்தபோது அம்மாபேட்டைக்காரி படிப்பை முடித்துப் போய்விட்டிருந்தாள். முதல் இன்னிங்ஸிலிருந்து நானே போட வேண்டியிருந்தது. நிறைய ஆட்டம் தோற்றோம். பயம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் காத்திருக்க வேண்டியதில்லை, மைதானத்தில் இறங்கும்போதே அதையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன். அப்பா ஒரே ஒரு தடவை ஆட்டம் பார்க்க வந்தார். வேலிக்கு வெளியே, வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றார். நான் வீசிய ஒவ்வொரு பந்துக்கும் அவர் தலையைத் திருப்பிக்கொண்டதாக எருமப்பட்டிக்காரி சொன்னாள்.